எடை குறைத்துவிட்டு வாருங்கள் என்றார் பல் டாக்டர். காத்திருக்கலாமா?

தொப்பையரசன் | திங்கள், இரவு 10:40

வணக்கம். வயது 41, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 96 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. ஒரு வருடமாகப் பல் தேய்த்துத் துப்பினால் வாஷ்பேசின் சிவக்கிறது. பிரஷ்தான் கடினம் என்று நினைத்து மூன்று பிரஷ் மாற்றினேன். போன மாதம் முறுக்கு கடித்தபோது கீழ் வலது கடைவாய்ப்பல் லேசாக அசைந்தது. பயந்துபோய் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்கு ஓடினேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இறங்கியிருக்கிறது, ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். சரி, எப்போது வரட்டும் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வெயிட்டுக்குப் புண் ஆறாதுங்க. பத்துப் பதினைஞ்சு கிலோ குறைச்சுட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்." ஒரு மவுத்வாஷ் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

முட்டி வலி என்று போனாலும் எடை, மூச்சு வாங்குகிறது என்று போனாலும் எடை. அதெல்லாம் பழகிவிட்டது. பல்லுக்குமா? நிஜமாகவே சம்பந்தம் உண்டா, இல்லை ஆளைப் பார்த்துச் சொல்கிறார்களா? ஆறு மாதம் தள்ளிப்போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒல்லிப்பிச்சான் | திங்கள், இரவு 11:05

அண்ணா, நான் 54 கிலோ. ஆடி மாதம் வெளியே வரவே யோசிப்பேன், காற்று தூக்கிவிடும். எனக்கும் இதே வியாதிதான், மேல் முன்பல் ஒன்று போயே போய்விட்டது. என் கேஸில் குற்றவாளி பீடி. வேடிக்கை என்னவென்றால், பீடி குடித்த பதினெட்டு வருடமும் ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. நிறுத்தின இரண்டாவது மாதம்தான் வர ஆரம்பித்தது. பீடியை விட்டதால்தான் இந்த வினை என்று திரும்பவும் பற்றவைக்கப் போனேன், மனைவி பிடுங்கிப் போட்டாள்.

கும்பகோணம்_அத்தை | செவ்வாய், காலை 6:15

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மாவா சொன்னார்கள்? காலையில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் கொப்பளியுங்கள் தம்பி. க்ளீனிங் மட்டும் வேண்டாம். என் நாத்தனார் க்ளீனிங் செய்துகொண்டு வந்தாள், பல்லெல்லாம் இடைவெளி விட்டு ஆட ஆரம்பித்துவிட்டது.

பல்லவன் | செவ்வாய், மதியம் 2:20

பெயரைப் பார்த்துப் பேருந்து என்று நினைக்க வேண்டாம், பல் டாக்டர்தான். ஈறு நோய்ப் பிரிவில் எம்டிஎஸ், அதாவது பல் மருத்துவ மேற்படிப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், நீளும்.

முதலில் தொப்பையரசன் சார் கேள்வி. சம்பந்தம் உண்டு, அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டது தப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயிற்றுக் கொழுப்பைச் சேமிப்புக் கிடங்கு மாதிரி நினைக்கிறோம். அது சும்மா கிடப்பதில்லை. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 என்று அழற்சியைக் கிளப்பும் பொருட்களை ரத்தத்தில் விட்டபடியே இருக்கும். ஈறு நோயில் எலும்பைத் தின்பது கிருமி நேரடியாக இல்லை. கிருமியை விரட்ட வந்த நம் உடம்பின் படைதான் அடிக்கிற அடியில் எலும்பையும் சேர்த்துக் கரைக்கிறது. ஏற்கெனவே சூடாக இருக்கிற உடம்பில் அந்தச் சண்டை இன்னும் மூர்க்கமாகும். 1977இலேயே பருமனான எலிகளில் ஈறு நோய் முற்றுவதைக் காட்டியிருக்கிறார்கள். 1998இல் ஜப்பானில் 241 பேரைப் பார்த்து, மனிதர்களிலும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் எடைக் கணக்கு, ஏற ஏற ஈறு நோய் கூடுவதை எழுதினார்கள். அதற்கப்புறம் எத்தனையோ நாடுகளில் இதே போக்கு வந்திருக்கிறது.

சிகிச்சை எடுபடுமா என்பது வேறு கேள்வி. 2014இல் லண்டனில் 260 பேருக்குச் செய்த டீப் க்ளீனிங்கை (ஈறுக்கு அடியில் இறங்கிக் கல்லை எடுப்பது) திரும்பிப் பார்த்த ஆய்வில், பருமனானவர்களுக்குப் பலன் குறைவாக வந்தது. புகை பிடிப்பவர்களுக்குக் குறைவதற்கு ஏறத்தாழ அதே அளவு. வேறு சில ஆய்வுகளில் பருமனானவர்களும் மற்றவர்களும் ஒரே மாதிரி தேறினார்கள். ஆக, "கொஞ்சம் குறைவாக ஆறலாம்" என்று சொல்லலாம். "ஆறாது" என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

அடுத்து, எடையைக் குறைத்தால் ஈறு சிகிச்சை நன்றாக எடுக்குமா? ஐரோப்பிய ஈறு மருத்துவர்கள் கூட்டமைப்பு 2020இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. புகையை நிறுத்தச் சொல், சர்க்கரையைக் கட்டுப்படுத்து என்று அதில் தெளிவாகப் பரிந்துரைத்திருக்கிறார்கள். எடைக் குறைப்பு பற்றி வரும் இடத்தில் மட்டும், பலன் உண்டா என்று எங்களுக்குத் தெரியாது என்றே எழுதியிருக்கிறார்கள். அவர்களே தெரியாது என்று சொன்ன ஒன்றை நிபந்தனையாக வைத்து ஒரு ஆளை ஆறு மாதம் வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இறங்கிய எலும்பு தானாக ஏறாது. ஆறு மாதத்தில் இன்னும் இறங்கலாம்.

அத்தைக்கு: நல்லெண்ணெய் வாய்க்கு இதமாக இருக்கும், விடச் சொல்லவில்லை. ஆனால் இந்த நோயில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 5, 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குக்கூடப் பை மாதிரி விட்டுப்போயிருக்கும். எண்ணெயும் அங்கே இறங்காது, மவுத்வாஷும் இறங்காது. உங்கள் நாத்தனார் பல்லில் இடைவெளியை க்ளீனிங் உண்டாக்கவில்லை. எலும்பு போன இடத்தைக் காறைக்கல் அடைத்துக்கொண்டிருந்தது, வீங்கின ஈறு மூடிக்கொண்டிருந்தது. கல் வந்து வீக்கமும் வடிந்ததும் உள்ளது உள்ளபடி தெரிந்தது.

ஒல்லிப்பிச்சான் சொன்னதும் உண்மை. புகை ரத்தக்கசிவை மறைத்துவிடும். நிறுத்தினதும் ரத்தம் வந்தால் ஈறுக்கு உயிர் திரும்புகிறது என்று அர்த்தம். அம்மணிக்கு நன்றி சொல்லுங்கள்.

சார், ஒன்றே ஒன்று. உங்கள் சர்க்கரை எவ்வளவு?

தொப்பையரசன் | செவ்வாய், இரவு 9:30

டாக்டர், இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. சர்க்கரை... இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் பார்த்தது. "பார்டர்" என்றார்கள். அந்த கிளினிக்கில் அதை யாரும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10:12

டாக்டர் சார், நான் புள்ளியியல் பாடம் எடுப்பவன், தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. குண்டானவர்களுக்கு ஈறு நோய் அதிகம் என்றால் எடைதான் காரணம் என்று ஆகிவிடுமா? எடை கூடியவர்களில் சர்க்கரைக்காரர்கள் அதிகம். இனிப்பு அதிகம் தின்பவர்களும் இருப்பார்கள். அதைவிட, இதைத் திருப்பியும் படிக்கலாமே? பல் ஆடுகிறவன் என்ன சாப்பிடுவான்? கேரட்டும் கொய்யாவுமா? மெத்தென்று கிடைப்பதைத்தான். அதில் எடை ஏறும்.

தொப்பையரசன் | செவ்வாய், இரவு 10:31

கணக்குப்பிள்ளை சார், ஐயோ, இது அப்படியே நான்தான். யோசித்துப் பார்க்கிறேன். வலது பக்கம் மெல்லுவதை விட்டு ஒரு வருடம் இருக்கும். சுண்டல் வீட்டில் செய்தால் எனக்கு வேண்டாம் என்பேன். இரவில் இட்லி, தயிர் சாதம், நடுவில் டீயில் நனைத்த பிஸ்கெட். அந்த ஒரு வருடத்தில் ஏழு கிலோ ஏறியது.

பல்லவன் | புதன், மதியம் 2:05

கணக்குப்பிள்ளை சார் கேட்டது நியாயமான கேள்வி, நாங்களும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதுதான். வயது, புகை, சர்க்கரை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் எடையின் பங்கு பெரும்பாலும் மிச்சம் நிற்கிறது. ஆனால் சிறிதாகிவிடுகிறது. 2017இல் ஈறு நோய் நிபுணர்கள் சிகாகோவில் கூடி அந்த நோயைப் புதிதாக வகைப்படுத்தினார்கள். நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று தரம் பிரிக்கும்போது இரண்டே இரண்டு காரணங்களைக் கணக்கில் சேர்த்தார்கள்: புகை, சர்க்கரை. மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிக வேகமான தரம். எடை அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால்தான் சர்க்கரையைக் கேட்டேன். 170 சென்டிமீட்டருக்கு 96 கிலோ என்றால் பிஎம்ஐ 33. உலக அளவில் 30க்கு மேல்தான் பருமன், நம் ஆட்களுக்கு 25லேயே பருமன் என்று இந்தியாவில் வைத்திருக்கிறோம். ஏனென்றால் நமக்கு அந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. பிஎம்ஐயைவிட இடுப்பு டேப் இன்னும் நேராகச் சொல்லும்; ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினால் கவனம். பார்டர் என்று இரண்டு வருடத்துக்கு முன் சொன்னது பார்டரிலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது சார். நாளைக்கே ரத்தம் கொடுங்கள்.

குறட்டை உண்டா? வாயைத் திறந்து தூங்கினால் மேல் முன்பல் ஈறு காய்ந்து சிவந்து கிடக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எடை கூடினவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன், கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

வடமராட்சியான் | புதன், மாலை 6:50

நான் டொராண்டோவில் இருக்கிறன். எங்கட ஊரில் ஈறை முரசு எண்டுதான் சொல்லுறது. ஈறு எண்டதைப் பாத்து முதலில் விளங்கவில்லை, மன்னிக்கவும். இஞ்ச சுத்தம் செய்யிற வேலையைப் பெரும்பாலும் ஹைஜீனிஸ்ட் எண்டு தனியாகப் படிச்ச ஆக்கள்தான் செய்யினம். எனக்கு 112 கிலோ. முதல் நாள் கதிரையை முழுக்கச் சாய்ச்சவுடன மூச்சு முட்டிச்சு. வெட்கத்தில் சொல்லாமல் கிடந்தன். அந்தப் பிள்ளை முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சு அரைவாசி நிமித்திவிட்டுது. அண்ணை, நீங்கள் வாயைத் திறந்து கேளுங்கோ. எடையைப் பற்றி அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதிரையை மட்டும் நிமித்தினது.

சாந்தி_கோவை | புதன், இரவு 8:44

நான் மூன்று வருடத்துக்கு முன் இரைப்பை சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவள். 34 கிலோ குறைந்தது. எடை குறைந்தால் ஈறு தானாகச் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு முதல் ஆறு மாதம் ஈறு இன்னும் மோசமாகத்தான் ஆனது. வாரத்தில் இரண்டு மூன்று முறை வாந்தி. ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன் என்று நாளெல்லாம் கொறிப்பது. வாய் எந்நேரமும் வேலையில் இருந்தது. எடை குறைகிறது என்ற சந்தோஷத்தில் பல்லை யார் பார்த்தார்கள்?

டாக்டர், வாந்தி எடுத்ததும் நான் உடனே பல் தேய்ப்பேன். அது தப்பு என்று பிறகு ஒருவர் சொன்னார், நிஜமா?

பல்லவன் | வியாழன், காலை 8:10

நிஜம்தான் மேடம். அமிலத்தில் ஊறி மெத்தென்றிருக்கும் எனாமலை பிரஷ் உரசி எடுத்துவிடும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்து, அரை மணி நேரம் விட்டுத் தேய்ப்பது நல்லது. உங்கள் அனுபவம் தனிப்பட்டதில்லை. அந்த ஆபரேஷன் செய்தவர்களில் முதல் சில மாதங்களில் ஈறு ரத்தக்கசிவு கூடியதைச் சில ஆய்வுகளும் பார்த்திருக்கின்றன. ஆபரேஷனுக்கு முன்பே ஈறைச் சரிசெய்துவிட்டுப் போவது உத்தமம். எடை குறைக்கும் ஊசி போடுபவர்களுக்கும் இதே அறிவுரைதான், அதிலும் சிலருக்கு வாந்தி உண்டு.

தொப்பையரசன் | அடுத்த திங்கள், இரவு 9:55

ரிசல்ட் வந்தது. எச்பிஏ1சி 7.4. பார்டர் இல்லை, உள்ளே வந்து உட்கார்ந்தே ரொம்ப நாள் ஆகியிருக்கிறது. பொது மருத்துவர் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்.

பல்லுக்கு இந்த முறை சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். கூட்டம்தான், அரை நாள் போய்விட்டது. ஈறுப் பிரிவில் எம்டிஎஸ் படிக்கும் ஒரு பெண் பார்த்தார். முனையில் கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் இறக்கி ஆழம் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இன்னொரு மாணவர் எழுதினார். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, மூணு, நாலு." வாயைத் திறந்தபடி காது மட்டும் வேலை செய்கிறது. மூணு வந்தால் நிம்மதி. கீழ் வலது பக்கம் வந்ததும் "ஆறு, அஞ்சு, ஏழு" என்றார். எழுதின பையன் நிமிர்ந்து "ஏழா?" என்று கேட்டான். எனக்கு அங்கேயே வியர்த்துவிட்டது.

27 பல், 162 இடம். அதில் 61 இடம் நாலு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். மேற்பார்வை பார்க்கும் மேடத்திடம் நானே முந்திக்கொண்டு "எடை குறைத்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "எதுக்கு? அடுத்த வாரமே முதல் பக்கம் ஆரம்பிச்சுடலாம்" என்றார். ஆபரேஷன் வேண்டுமா என்பதையே டீப் க்ளீனிங் முடித்து இரண்டு மூன்று மாதம் கழித்து அளந்துதான் முடிவு செய்வார்களாம். அந்த கிளினிக்கில் இப்படி அளக்கவே இல்லை.

ஒரு சந்தேகம். என் எடைக்கு மரப்பு ஊசி அதிகம் போடுவார்களா?

பல்லவன் | செவ்வாய், மதியம் 1:50

மாட்டார்கள். மரப்பது தாடையில் ஒரு நரம்பு, அது 50 கிலோ ஆளுக்கும் 100 கிலோ ஆளுக்கும் ஒரே தடிமன்தான். அட்ரினலின் சேர்த்த லிக்னோகெயினுக்குக் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்று உச்சவரம்பு இருந்தாலும், மொத்தம் 500ஐத் தாண்டக் கூடாது. அதாவது 70 கிலோவுக்கு மேல் எவ்வளவு எடை இருந்தாலும் வரம்பு ஏறாது. ஒரு பக்கம் மரக்க அதில் சின்னப் பங்கு போதும்.

சுத்தம் செய்த அடுத்த நாள் முதல் பல்லிடை பிரஷ் போடப் பழகுங்கள். கன்னமும் நாக்கும் சதைப்பிடிப்பாக இருந்தால் கடைசிக் கடைவாய்ப்பல்லின் உள்பக்கம் பிரஷ் எட்டாது. வாயைப் பாதி மூடிக்கொண்டு விடுங்கள், கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும். எல்லோரும் ஆவென்று திறந்துதான் தேய்க்கிறார்கள்.

ஒல்லிப்பிச்சான் | செவ்வாய், மதியம் 2:30

இதை இப்போதுதான் கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன். இருபது வருடமாகத் தொடாத இடத்தைத் தொட்டுவிட்டது.

தொப்பையரசன் | மூன்றரை மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5:20

இழையை மேலே கொண்டுவருகிறேன். வாயை நாலு பக்கமாகப் பிரித்து, நாலு வாரத்தில் நாலும் முடிந்தது. போன வாரம் திரும்ப அளந்தார்கள். 61 இருந்த இடத்தில் இப்போது 24. கீழ் வலது பல்லில் "நாலு, மூணு, ஆறு". ரத்தம் அந்த ஒரு மூலையில் மட்டும் வருகிறது. எச்பிஏ1சி 6.8. எடை 94. ஆமாம், மொத்தமாக இரண்டே கிலோதான் குறைந்தது.

முதல் இரண்டு வாரம் ஐஸ் வாட்டர் குடித்தால் உயிர் போனது, அப்புறம் அடங்கிவிட்டது. முன்பல் நடுவில் சின்ன இடைவெளி தெரிகிறது. கும்பகோணம் அத்தை, உங்களைத்தான் நினைத்தேன்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 6:02

வாழ்த்துகள். ஆனால் சர்க்கரை இறங்கியது ஈறு சிகிச்சையாலா, மாத்திரையாலா?

பல்லவன் | ஞாயிறு, இரவு 9:15

ஒரு ஆளை வைத்துப் பிரிக்க முடியாது சார். காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஈறு சிகிச்சையால் மட்டும் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 இறங்கியது. மீதிக்கு மாத்திரையும் டீயில் நனையாத பிஸ்கெட்டும் காரணமாக இருக்கலாம்.

தொப்பையரசன் சார், அந்த ஆறுக்கு என்ன சொன்னார்கள்?

தொப்பையரசன் | ஞாயிறு, இரவு 9:40

அந்த மூலையை மட்டும் திறந்து சுத்தம் செய்கிறார்கள் டாக்டர். முதல் கிளினிக்கில் சொன்ன அதே ஃபிளாப் ஆபரேஷன்தான், ஆனால் மூன்று பல்லுக்கு மட்டும். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பல்லவன் | ஞாயிறு, இரவு 9:48

வேண்டாம், வேண்டாம். மரப்பு ஊசி மட்டும்தானே. எட்டு மணிக்கெல்லாம் நன்றாகச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல் போட்டுவிட்டுப் போங்கள். பட்டினியாகப் போனால் சர்க்கரை இறங்கி அந்தச் சேரிலேயே மயங்குவீர்கள். மரப்பு விட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். சேரை முழுக்கச் சாய்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வடமராட்சியான் | ஞாயிறு, இரவு 10:30

அதைத்தான் நானும் எழுத வந்தன்.